நாஷ்டா வண்டியின் சங்கு

அன்புராஜ் விற்கும் இட்லியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவன் மனைவி திலகவதி வைக்கும் வடகறிக்குக் கும்மிடிப்பூண்டியில் ஈடு கிடையாது. ஆனாலும் 'திலகா நாஷ்டா' என்று எழுதிய அவர்களுடைய லோடு ஆட்டோ முதல் சில மாதங்கள் சாமுவேல் நகரில் ஈ ஓட்டிக்கொண்டுதான் நின்றது. அந்தக் காலனிக்குக் காலையில் வராத வண்டியே இல்லை. தண்ணீர் கேன், கீரை, கோலமாவு, பழைய இரும்பு என்று எல்லாம் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு கத்தும். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து படுத்தவர்கள் தலையணையால் காதை மூடிக்கொள்வார்கள். அன்புராஜும் தன் பங்குக்குத் திலகவதியைப் பாடவைத்து ஒரு பாட்டுப் போட்டான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"பாட்டெல்லாம் வேஸ்ட்டுண்ணா," என்றான் சவுண்டு சர்வீஸ் ரகு. "பெரிய கம்பெனிக்காரன்லாம் இன்னா பண்றான்? மூணு செகண்டு சவுண்டு. அத்த கேட்டதும் ஜனம் தானா அவன் பேர நெனைக்குது. உனுக்கும் அதுமாரி ஒண்ணு வேணும். கேட்டதும் காலு தானா எழுந்து நிக்கணும்."

அப்படி ஒரு சத்தம் ரகுவின் போனிலேயே இருந்தது. காலனியை ஒட்டி மீன் பதப்படுத்தும் கம்பெனி ஒன்று உண்டு. அங்கே அமோனியா கசிந்தால் ஊதுவதற்கென்று ஒரு சங்கு வைத்திருந்தார்கள். ஒத்திகை நாளில் அது ஊதியபோது ரகு பதிவு செய்துவைத்திருந்தான். மூன்று முறை ஏறி ஏறி இறங்கும். கேட்டால் தூங்குகிறவனும் எழுந்து ஓடுவான். அதன் வாலில் 'டிங்' என்று ஒரு கரண்டிச் சத்தத்தை ஒட்டிக் கொடுத்துவிட்டான்.

முதல் நாள் காலனியே அலறியடித்துக்கொண்டு வெளியே வந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி ஓடினாள். லுங்கியைக் கட்டிக்கொண்டே ஒருவன் ஓடினான். வந்து பார்த்தால் ஆவி பறக்கும் இட்லிக் குண்டானோடு அன்புராஜ் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். திட்டி முடித்தபின், எழுந்ததுதான் எழுந்தோம் என்று நான்கு இட்லி வாங்கிக்கொண்டு போனார்கள். மிச்சத்தை வடகறி பார்த்துக்கொண்டது. போகப் போகத் திட்டு நின்றுவிட்டது. சங்கு ஏறத் தொடங்கினாலே பாத்திரத்தோடு வாசலுக்கு வந்துவிடுவார்கள். 'டிங்' வரைக்கும் யார் காத்திருக்கிறார்கள்? பிள்ளைகள் விளையாட்டில் அதை வாயாலேயே ஊதினார்கள். கம்பெனிக்காரர்களாவது தடுத்தார்களா என்றால் அதுவும் இல்லை. அவர்களுடைய வாட்ச்மேனே தினமும் ஒரு பார்சல் வாங்கினார்.

அந்தக் கம்பெனியில் இறால் உரிக்கும் ஹெலன் மட்டும் ஒரு தடவை கேட்டாள். "ஏண்ணா, நெஜமாவே ஒருநாளு ஊதினா இன்னா பண்றது?"

"கம்பெனி வந்ததுலருந்து ஒருவாட்டியாச்சும் ஊதிக்கீதா? அப்ப பாத்துக்கலாம் போம்மா," என்றான் அன்புராஜ். பார்த்துக்கொள்ளலாமாம்! வியாபாரம் சூடு பிடித்துவிட்டால் மனுஷனுக்கு வாய் இப்படித்தான் பேசும்.

ஒரு வெள்ளிக்கிழமை வண்டி ஜி.என்.டி. ரோட்டில் பஞ்சராகி நின்றுவிட்டது. ஸ்டெப்னி மாற்றிக்கொண்டு, காலனிக்கு எதிரே இருக்கும் மைதானத்தின் ஓரம் வந்தபோது, அன்புராஜின் சங்கு ஊதியது. அவன் ஸ்விட்சைத் தொடவே இல்லை.

"எவண்டா அவன், என் சவுண்ட திருடினது!" அன்புராஜ் கொதித்துப்போனான். எவனோ போட்டிக்கு வண்டி விட்டிருக்கிறான் என்றே நினைத்தான். சங்கு ஏறி இறங்கியது, மறுபடி ஏறியது. 'டிங்' வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த திலகவதி அவன் தோளை இறுக்கிப் பிடித்தாள். கம்பெனிச் சுவருக்கு மேலே வெள்ளை வெளேரென்று புகை கிளம்பிக்கொண்டிருந்தது.

புகையைவிட அன்புராஜை உலுக்கிப் போட்டது வேறொன்று. காலனியின் ஒவ்வொரு சந்திலிருந்தும் ஜனம் கம்பெனியை நோக்கி வந்துகொண்டிருந்தது. தூக்கு, கிண்ணம், டிபன் பாக்ஸ், கையில் அகப்பட்ட பாத்திரம். நிழலாக இருக்கிறதே என்று தினமும் அந்தச் சுவரோரம் வண்டியை நிறுத்திப் பழக்கியவன் அவன்தான். அங்கேயே வரிசை கட்டிவிட்டார்கள். மீன் நாற்றமும் மருந்து நெடியும் அவர்களுக்குப் பழசு, மூக்கும் எச்சரிக்கவில்லை. வண்டியை இன்னும் காணோமே என்று ரோட்டை எட்டி எட்டிப் பார்த்தார்கள். அவர்கள் தலைக்கு மேலே சுவரைத் தாண்டிப் புகை இறங்கியது. ஐயோ, இப்படியும் நடக்குமா?

அன்புராஜ் மைக்கை எடுத்துக் கத்தினான். "ஓடுங்கோ! கேஸு லீக்காயிச்சு! ஓடுங்கோ!"

அவர்கள் சிரித்தார்கள். தினமும் "ஓடியா, தீந்துபூடும்" என்று அதே மைக்கில் கலாய்க்கிறவன்தானே! ஒருவன் தூக்கை உயர்த்தி ஆட்டினான், சீக்கிரம் வா என்று. வரிசையின் முன்னால் நின்றிருந்த பெரியவர் சுப்பராயன் இருமிக்கொண்டே மடங்கி உட்கார்ந்தார்.

"மைக்க வுடுய்யா, நம்ம சங்க போடு!" என்று கத்திய திலகவதி, அவன் கை வருவதற்குள் தானே ஸ்விட்சைத் தட்டினாள். ஸ்பீக்கர் மைதானமே அதிர ஊதி, கடைசியில் 'டிங்' என்றது. வரிசை மொத்தமும் இந்தப் பக்கம் திரும்பியது.

"வண்டிய நிறுத்தாத. ஓட்டிக்கினே இரு," என்றாள். அவன் காற்று வரும் திசையைப் பார்த்து மைதானத்துக்குள் வண்டியை விட்டான். பின்னால் ஜனம் துரத்தியது. "யோவ், நில்லுய்யா! டூட்டிக்கு டைமாவுது, இன்னா வெளையாட்டு காட்டிக்கினு கீற!" திட்டட்டும், கல்லைக்கூட எறியட்டும், வந்தால் போதும். கண்ணாடியில் அவர்களைப் பார்த்துக்கொண்டே, கண்ணைத் துடைக்கவும் தோன்றாமல் ஓட்டினான் அன்புராஜ். சுப்பராயனை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு கடைசியாக வந்தார்கள்.

மைதானத்தின் மறுகோடியில் வண்டி நின்றபிறகுதான் அவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தாங்கள் நின்றிருந்த இடமே புகையில் தெரியவில்லை. சிலர் வாந்தி எடுத்தார்கள். எல்லோருடைய கண்ணும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. ஆம்புலன்ஸ் வந்து சுப்பராயனை ஏற்றிக்கொண்டு போனது, மூச்சு இருந்தது.

ஹெலன் இடுப்பில் மகள் பிரின்சியோடு வந்து அன்புராஜின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணன் மட்டும் வரலன்னா எங்க கதி இன்னா ஆயிருக்கும்?" சுற்றி நின்றவர்களும் அவனைக் கும்பிட்டார்கள்.

கும்பிட்டது அவனுக்குத் தாங்கவில்லை. "கும்புடாதீங்க. உங்கள அங்க நிக்க வெச்சதே நான்தான்," என்றான். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்த தாவீதுக்கு மட்டும் கேட்டது. தாவீது அதே கம்பெனியில் பாதுகாப்புக் குழுவில் இருப்பவன். ஒத்திகையின்போது கையில் கொடி பிடித்து எல்லோரையும் வெளியே விரட்டுகிறவன்.

"சங்கு ஊதினா முதல்ல ஓட வேண்டியவன் நானு," என்றான் தாவீது. "ஊருக்கே சொல்லிக் குடுக்கறவன். இன்னிக்கு ஊதிச்சா... பொண்டாட்டிகிட்ட தூக்க குடுன்னு கேட்டேன், நைனா." கையில் இருந்த தூக்கை யாருடையதோ என்பதுபோலப் பார்த்தான்.

அன்புராஜ் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது கம்பெனிச் சங்கு மறுபடி ஊதத் தொடங்கியது. ஜனம் மொத்தமும் விறைத்து நின்றது. பிரின்சி அம்மாவின் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி, கூட்டத்துக்குள் புகுந்து வண்டிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, வடகறி," என்று கிண்ணத்தை நீட்டினாள்.

ஹெலன் அவளைப் பிடிக்கப் போனவள் பாதியிலேயே நின்றுவிட்டாள். சங்கு இரண்டாவது தடவை ஏறியது. குழந்தை கிண்ணத்தை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தது.