தூங்க வேண்டிய நேரம்

வண்டியை மைதானத்து வேலியோரம் ஒதுக்கி அவள் இன்ஜினை அணைத்தபோது காலை ஆறேகால். பதினோரு மணி நேரம் ஓடிய இன்ஜின் அடங்கிய பிறகும் அதன் நடுக்கம் உள்ளங்கைகளில் ஓடிக்கொண்டே இருந்தது. ஸ்டியரிங்கிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்தாள். விரல்கள் உடனே விரியவில்லை. பின்னால் ஒன்பது பெண்கள் கழுத்தைத் தேய்த்துக்கொண்டும் செருப்பைத் தேடிக்கொண்டும் எழுந்தார்கள். சீசனின் முதல் கிராஸ் கன்ட்ரி போட்டி. ஜெயித்தால் கோப்பை இல்லை, தோற்றால் யாரும் வெளியேறப் போவதும் இல்லை. ஆனால் இதைப் பார்த்துத்தான் கோச் வருடம் முழுவதற்கும் ஏழு பேரைப் பொறுக்குவார். அதற்காக ராத்திரி முழுக்க உட்கார்ந்தபடியே வந்து, காலையில் ஆறு கிலோமீட்டர் ஓடிவிட்டு, அன்றே திரும்ப வேண்டும்.

"தேங்க்ஸ்க்கா" என்று ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். கடைசியாக இறங்கிய அவளுடைய மகளும், "தேங்க்ஸ்க்கா" என்றாள்.

அது அவர்களுக்குள் பேசிவைத்துக்கொண்டது. அணியில் பெயர் வந்த அன்று சமையலறை வாசலில் நின்றுகொண்டு மகள் சொன்னாள்: "வண்டியில உன்னை அம்மான்னு கூப்பிட மாட்டேன்மா. டிரைவர் பொண்ணுங்கறதால சேத்துக்கிட்டாங்கன்னு பேசுவாங்க."

"பின்ன என்னன்னு கூப்பிடுவ?"

"எல்லாரும் கூப்பிடற மாதிரிதான். அக்கான்னு."

"பத்தொம்பது வருஷம் கழிச்சு எனக்கு ஒரு தங்கச்சி கெடச்சிருக்கா" என்று சொல்லி அவள் சிரித்துவிட்டாள். கோச்சுக்கு மட்டும் விஷயம் தெரியும். அவரும் இதுவரை வாயைத் திறக்கவில்லை.

பெண்கள் போனதும் வண்டியின் திரைகளை இழுத்துவிட்டு, பின்பக்கத்து நீள சீட்டில் படுத்தாள். ஆறு வருடமாக அந்தக் கல்லூரிக்கு வண்டி ஓட்டுகிறாள், ஒரு ஓட்டத்தைக்கூடப் பார்த்ததில்லை. அவர்கள் ஓடும் நேரம் அவள் தூங்கும் நேரம். போனை அணைத்து, கண்மேல் துண்டைப் போட்டுக்கொண்டால் ஐந்து மணி நேரம் அடித்துப்போட்டது போலக் கிடப்பாள். அதற்குக் காரணம் ஒன்று உண்டு. இரண்டு வருடத்துக்கு முன்பு, இதே போன்ற பயணத்தில் வண்டி பாதையோரச் சரளையில் ஏறிக் கடகடத்தபோதுதான் தன் கண் மூடியிருந்ததே அவளுக்குத் தெரிந்தது. இரண்டு நொடியா, மூன்று நொடியா, தெரியாது. பின்னால் ஒருவரும் விழிக்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து தூக்கத்தையும் ஒரு வேலையாகவே செய்து வந்தாள்.

இன்றைக்கு அந்த வேலை ஓடவில்லை. துண்டுக்குள் கண் கொட்டக் கொட்ட விழித்திருந்தது. ஓட்டுகிறவர்களுக்கு முதுகிலும் காது முளைத்துவிடும் என்பது பின் சீட்டில் உட்காருகிறவர்களுக்குத் தெரிவதில்லை. விடிகிற நேரத்தில், மகள் பக்கத்திலிருந்த நெட்டைப் பெண்ணிடம் கிசுகிசுத்தது அவளுக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.

"முழங்காலுக்குக் கீழ, எலும்புலடி. மிதிச்சா சுருக்குன்னுது. ரெண்டு வாரமா இருக்கு. கோச்கிட்ட வாய விட்டுடாத."

"வீட்ல தெரியுமா?"

"அம்மாவுக்கா? அவங்களுக்கு வேலைக்கே நேரம் சரியா இருக்கு. வீட்டுக்கு வந்தா படுத்துடுவாங்க."

குறையாகக்கூடச் சொல்லவில்லை. கடை எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னாள். அதுதான் முள்ளாகக் குத்தியது. இரண்டு வாரமாக அந்தப் பெண் வீட்டுக்குள் நடமாடியிருக்கிறாள். மாடிப்படி ஏறியிருக்கிறாள். தன் கண்ணுக்கு எதுவுமே தட்டுப்படவில்லை. கோச்சிடம் போய்ச் சொல்லலாம். சொன்னால் மகள் ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டாள். பேசாமல் தூங்கலாம். தூங்கத்தான் வேண்டும், வேலை அது. புரண்டு புரண்டு படுத்ததில் ஒன்பது மணி ஆனது. எழுந்து முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு வேலியைத் தாண்டிப் போனாள்.

ஓட்டம் இப்படி இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. டிவியில் பார்ப்பது போல வட்டப் பாதை இல்லை; ஈரப் புல், சேறு, ஒரு மேடு, மரங்களுக்கிடையே ஒற்றையடித் தடம், அதையே இரண்டு சுற்று. இருநூறு பெண்கள் மூச்சிரைக்கிற சத்தமும் தரை அதிர்கிற சத்தமும் முதலில் வந்தன, பிறகுதான் ஆட்கள். முதல் சுற்றில் தங்கள் அணியில் மகள் மூன்றாவதாக வந்தாள். அவளுக்கு மகளின் முகத்தைப் பார்க்கத் தோன்றவில்லை, காலைத்தான் பார்த்தாள். ஒரு டயரில் காற்று இறங்கிய வண்டி எப்படி ஒரு பக்கமாக இழுக்குமோ, அப்படி மகள் இழுத்துக்கொண்டு ஓடினாள். வலது கால் தரையில் பட்டதும் படாததுமாக எழும்பியது. பக்கத்தில் யாருடைய அப்பாவோ, "விடாத, விடாத" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். அவளுக்கும் ஏதாவது கத்த வேண்டும் போலிருந்தது. ஓடு என்பதா, நில் என்பதா என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டாள்.

அணியில் ஐந்தாவதாக முடித்தாள் மகள். அணிக்குக் கணக்கில் சேர்வது முதல் ஐந்து பேர் என்பதால் அவளும் சேர்ந்தாள். எல்லைக்கோட்டைத் தாண்டிப் புல்லில் குப்புற விழுந்தவள், தலையைத் தூக்கியபோது எதிரே நின்ற செருப்புகளை அடையாளம் கண்டு மேலே பார்த்தாள்.

"அம்மா, நீ தூங்கலையா?"

பக்கத்தில் கைகளை ஊன்றி இருமிக்கொண்டிருந்த நெட்டை, இருமலை நிறுத்திவிட்டு, "அம்மாவா?" என்றாள்.

"கால் எப்படி இருக்கு?"

மகள் கோச் நிற்கும் பக்கம் பார்த்தாள். "காலுக்கென்ன. நல்லாத்தான் இருக்கு."



பன்னிரண்டரைக்குப் பெண்கள் ரொட்டியும் வாழைப்பழமும் தின்று முடித்து, பைகளோடு வண்டிக்கு வந்தார்கள். கோச் கடிகாரத்தைப் பார்த்தார். ராத்திரி அவரும் தூங்கவில்லை, கண்கள் செக்கச் செவேலென்று இருந்தன. "இப்பக் கெளம்பினா பன்னெண்டுக்குள்ள ஹாஸ்டல்ல விட்டுடலாம். எடுக்கலாமா?"

"இல்ல சார். நான் தூங்கல."

"ஒரு காபி குடிச்சுக்கங்களேன்."

"காபி குடிச்சா கண்ணு தெறந்திருக்கும் சார். உள்ள ஆளு இருக்காது. எனக்கு நாலு மணி நேரம் வேணும்."

பெண்களிடமிருந்து ஒரு முனகல் எழுந்தது. கோச் எரிச்சலை அடக்கிக்கொண்டு பேசினார். "நாலு மணி நேரமா? வார்டனுக்கு நான் என்ன சொல்ல? ஆறு வருஷத்துல ஒரு நாள்கூட நீங்க இப்படிச் சொன்னதில்லையே."

"சொல்லியிருக்கணும். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு தடவ ஓட்டும்போதே கண்ணு சொருகிடுச்சு. வண்டி ரோட்ட விட்டு எறங்கிடுச்சு. நீங்க எல்லாரும் தூங்கிட்டு இருந்தீங்க."

முனகல் நின்றது. அந்த வண்டியில் அன்று இருந்தவர்கள் யார் யார் என்று கோச் மனதுக்குள் எண்ணுவது போலிருந்தது.

"ஏன் சொல்லல?"

"வேலை போயிடுமேன்னுதான்."

"திங்கக்கெழம நான் இத ஆபீஸ்ல சொல்லியாகணும்."

"சொல்லுங்க சார்." குரல் தணிவாகத்தான் வந்தது. "இப்ப என்னால முடியல, அவ்வளவுதான்."

கோச் பெண்களை மரத்தடிக்குப் போகச் சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். மகள் அம்மாவைத் தாண்டிப் போனாள். முகம் வெளுத்திருந்தது. கோபமா, பயமா என்று அவளால் படிக்க முடியவில்லை.

அவள் வண்டிக்குள் ஏறி நீள சீட்டில் விழுந்தாள். உடம்பு சீட்டோடு ஒட்டிக்கொண்டு கனத்தது. ஆறு வருடத்து வேலை நான்கு வார்த்தையில் போயிருக்கலாம். அதை நினைத்துப் பயப்படக்கூடத் தெம்பில்லை. திரை ஒரு சாண் விலகியிருந்தது. அதன் வழியாக மரத்தடி தெரிந்தது. பெண்கள் பைகளைத் தலைக்கு வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருந்தார்கள். மகள் மட்டும் எழுந்து நின்றாள். நின்றவள் கோச்சை நோக்கி நடந்தாள். வலது காலை ஊன்றாமல், வலியை மறைக்காமல், நொண்டி நொண்டி நடந்தாள்.

கோச் போனைக் காதிலிருந்து எடுத்தார். மகள் ஏதோ சொன்னாள், சொல்லிவிட்டுக் கீழே உட்கார்ந்து சாக்ஸை உருட்டி இறக்கினாள். அவர் ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றி, அவள் எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து, மேலிருந்து கீழாக ஒவ்வொரு இடமாக அழுத்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் மகளின் கை புல்லைக் கொத்தாகப் பிடித்தது. கோச் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்து உதடுகளை அசைத்தார். என்ன சொல்கிறார் என்று அறிய வண்டிக்குள் அவள் தலையைத் தூக்கப் பார்த்தாள். தலை எழவில்லை. இமைகள் தாமாகவே இறங்கின. இறங்கிய கண்ணுக்குள் அந்தக் கை இன்னும் புல்லை விடாமல் பிடித்திருந்தது.