நடுச்சுவரில் காடி

மச்சானுக்கு மூக்கு நுனியில் கோபம் என்பார்கள். சுத்தப் பொய். அவருக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை கோபம்தான். அவர் தங்கையைக் கட்டிய பாவத்துக்கு நான் அவரோடு சேர்ந்து ஊரார் வீட்டுச் சுவரையெல்லாம் கொத்திக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குப் போனது அண்ணனும் தம்பியும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்ட பழைய வீட்டுக்கு. இருவருக்கும் பேச்சு நின்று பல வருடம் ஆகியிருந்தது. புது ஒயர் இழுக்கக் கூப்பிட்டவர் தம்பி. பழைய ஒயர் ஓடுவதோ பொதுவான நடுச்சுவரில். காலையிலேயே அண்ணன் வாசலில் மறித்தார்.

"என் சுவத்துல உளி பட்டுதுன்னா கைய ஒடச்சிடுவேன்."

"எங்க, ஒடைங்க பாக்கலாம்" என்று மச்சான் சட்டைக் கையை மடித்தார். நான்தான் இடுப்பைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனேன்.

வீடு முழுவதற்கும் ஒரே மெயின் போர்டு, பொதுவான நடைவழியில் இருந்தது. வேலை தொடங்குமுன் மச்சான் பீங்கான் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். கட்டை அங்கே இருக்கும்வரை எந்தக் கொம்பனாலும் கரன்ட் கொடுக்க முடியாது என்பது அவர் நம்பிக்கை. அதை நம்பித்தான் நானும் ஒயரில் கை வைப்பேன்.

உளி பட்டதும் சுண்ணாம்புப் பூச்சு பாளம் பாளமாகச் சரிந்தது. மச்சான் மொட்டைமாடியில் பைப் அறுத்துக்கொண்டிருந்தார். நான் சுவரில் வெட்டிய நீளப் பள்ளமான காடிக்குள் கையை விட்டுத் துணி சுற்றிய பழைய ஒயரை இழுத்தேன். துணி மாவாக உதிர்ந்து, செம்புக் கம்பி உள்ளங்கையில் பட்டது. திறந்த கதவு வழியாகத் தம்பி தெரிந்தார். பூச்சு வேலைக்குத் தண்ணீர் இல்லை, மோட்டார் போடவேண்டும் என்று காலையிலிருந்து முனகிக்கொண்டிருந்தவர், கட்டை பிடுங்கிய இடத்தில் ஒரு துண்டுக் கம்பியைச் சொருகிக்கொண்டிருந்தார்.

கத்த வாயைத் திறந்தேன். திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

கை என் பேச்சைக் கேட்கவில்லை. விட நினைக்க நினைக்க இன்னும் இறுகியது. பற்கள் நாக்கை நறுக்கின. கண் மட்டும் வேலை செய்தது. தம்பி என்னைப் பார்த்தார், பார்த்துவிட்டு மரமாக நின்றார். ஓடிவந்தது அண்ணன்தான். தம்பியை நெஞ்சில் உதைத்துத் தள்ளிவிட்டு, போர்டில் சொருகியிருந்த கம்பியை வெறுங்கையால் பிடித்துப் பிய்த்தார். நெருப்புப் பறந்தது. அவர் அலறினார். நான் மூட்டை மாதிரி தரையில் விழுந்தேன்.

அலறல் கேட்டு மச்சான் இறங்கி வந்தார். வாயில் ரத்தத்தோடு கிடந்த என்னைப் பார்த்தார். போர்டருகே கம்பியும் கையுமாக நின்ற அண்ணனைப் பார்த்தார். அதற்குமேல் அவருக்கு எதுவும் தேவைப்படவில்லை.

"அடப் பாவி, ஆளையே கொல்லப் பாத்தியா!"

முதல் அடி மூக்கில். அண்ணன் பேச வாயெடுத்தபோதெல்லாம் அடி வாயிலேயே விழுந்தது. பல் தெறித்தது. தலைமுடியைப் பிடித்து நான் வெட்டிய காடியிலேயே மோதினார். சுண்ணாம்பு உதிர்ந்து ரத்தத்தில் குழைந்தது. மறுபடி மோதினார்.

"அவர் இல்ல மச்சான்" என்று சொன்னேன். சொன்னதாக நினைத்தேன். வந்தது ரத்த நுரைதான். தம்பியாவது சொல்லக்கூடாதா? அந்த ஆள் கதவோரம் ஒட்டிக்கொண்டு, கூடப்பிறந்தவன் அடிபடுவதை வேடிக்கை பார்த்தார். அவ்வளவு கேடுகெட்ட மனிதரை நான் பார்த்ததில்லை.

அண்ணன் சரிந்தார். மச்சான் சுத்தியலை எடுத்தார். இனி ஓர் அடி, அவ்வளவுதான் அண்ணன் கதை. நான் தவழ்ந்தேன். கைக்கு உளி அகப்பட்டது. மச்சானின் கெண்டைக்காலில் அதை முழு பலத்தோடு இறக்கினேன்.

"ஐயோ! டேய் மாப்ள, ஒனக்காகத்தானடா அடிக்கறேன்! என் தங்கச்சிக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்!"

விழுந்த மச்சான் முன்னால் அண்ணனின் மூடிய கையை இழுத்து விரித்தேன். உள்ளங்கையில் தோல் கருகி, கம்பி பதிந்த கோடு பிளந்திருந்தது. பிறகு தம்பியை நோக்கி விரலை நீட்டினேன்.

மச்சான் அந்தக் கையைப் பார்த்தார். குழந்தை மாதிரி விம்மினார். பிறகு சுத்தியலை இறுகப் பிடித்துக்கொண்டு, தரையிலேயே காலை இழுத்து இழுத்துத் தம்பியை நோக்கி நகர்ந்தார். நான் தடுக்கவில்லை. மண்டையைப் பிளக்கட்டும் என்றுதான் இருந்தேன்.

தடுத்தது அண்ணன். வெந்த கையாலேயே மச்சானின் சட்டையைப் பிடித்தார்.

"அவன அடிக்காதப்பா. சின்னப் பையன். தெரியாமப் பண்ணிட்டான்." சொல்லி முடித்ததும் பிடி நழுவி, தலை தரையில் சாய்ந்தது.

அந்தச் சின்னப் பையனுக்குத் தலை பாதிக்குமேல் நரைத்திருந்தது. கதவை விட்டு மெல்ல வந்து மண்டியிட்டார். "அண்ணா" என்றார். மறுபடியும் "அண்ணா" என்றார். அது காதில் விழும் நிலையில் அண்ணன் இல்லை.