பூரண சுகம்

ஆபரேஷன், மருந்து, முடி கொட்டல் எல்லாம் முடிந்து ஆபீசுக்குப் போனால், என் மேஜையை டெலிபோன் பக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டிருந்தார்கள். மேலே ஒரு பூச்சாடி. வேலை செய்கிறவள் மேஜையில் யாரும் பூ வைக்க மாட்டார்கள்.

துறைமுகச் சரக்குகளுக்குக் கஸ்டம்ஸ் வேலை முடித்துக் கொடுக்கும் ஏஜென்சி எங்களுடையது. யார்டில் நின்று கண்டெய்னரைத் திறந்து காட்டி, அதிகாரிகளோடு மல்லுக்கட்டிச் சரக்கை வெளியே எடுப்பது வருடக்கணக்காக என் வேலை. மார்பில் கட்டி என்று நான் படுத்தபோது அதை முத்துச்செல்வத்திடம் கொடுத்தார்கள். அதில் தப்பில்லை, யாராவது பார்க்கத்தானே வேண்டும். இப்போதுதான் நான் வந்துவிட்டேனே.

முதலாளி கிருபாநிதி அண்ணாச்சியிடம் டாக்டர் சர்ட்டிபிகேட்டை நீட்டினேன். பழைய வேலையே பார்க்கலாம் என்று அதில் இருந்தது.

"டாக்டர் எழுதுவாங்கம்மா. நமக்கு மனசு கேக்கணும்லா. அந்த வெயில் ஒனக்கு என்னத்துக்கு? இங்கன ஃபேனுக்குக் கீழ இருந்து போன எடு. பூரணமா சுகமாகட்டும், பொறவு பாப்போம்."

"சம்பளம்?"

"அதையும் பொறவு பாப்போம்."

பக்கத்து சீட் பானுப்ரியாவுக்கு என்னைவிடக் கோபம். "யக்கா, சீக்குன்னு லீவு போட்டவங்கள இப்படி எறக்கி உக்கார வைக்கக் கூடாது. லேபர் ஆபீசுக்குப் போவம், நானும் வாரேன்" என்றாள்.

போகலாம்தான். அண்ணாச்சி மட்டும் கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு வசதி. ஆஸ்பத்திரிக்கு வாரம் தவறாமல் இளநீரோடு வந்தவர். சபையில் என் பெயரைச் சொல்லி எல்லோரையும் எனக்காக ஜெபிக்க வைத்து, தானும் அழுதவர். அந்த மனிதர் மேல் எப்படிப் புகார் கொடுக்க? கொடுக்காவிட்டால் பூச்சாடிக்குத் துணையாக உட்கார்ந்தே காலத்தை ஓட்ட வேண்டும். போன் மணி அடிக்கும்போதெல்லாம் அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. நோய்கூட என்னை இவ்வளவு சின்னவளாக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீசில் எனக்காக ஸ்தோத்திர ஜெபம். எங்கள் ஆட்களில் யாராவது சுகமாகி வந்தால் வைப்பதுதான். பானுப்ரியாவும் முத்துச்செல்வமும்கூடத் தலைகுனிந்து நின்றார்கள். ஜெபம் என்று வந்துவிட்டால் அண்ணாச்சி எதையும் குறைத்துச் சொல்கிறவர் இல்லை.

"ஆண்டவரே, எங்கள் மகள் ஈவாஞ்சலினுக்குப் பூரண சுகத்தைத் தந்தீரே, ஸ்தோத்திரம். ஒரு குறையுமில்லாமல், முன்னிலும் அதிக பெலத்தோடே எழும்பப்பண்ணினீரே, ஸ்தோத்திரம்."

நான் கண்ணைத் திறந்துவிட்டேன். ஆமென் சொன்னவர்களில் என் குரல்தான் பெரிது.

கேக்கும் டீயும் வந்தன. "அண்ணாச்சி, நாளைக்கு முந்திரிக் கண்டெய்னர் தெறக்குதாங்கள்லா. நான் போறேன்" என்றேன்.

"அவசரம் என்னம்மா? ஒடம்பு தாங்கணும்லா."

"முன்னிலும் அதிக பெலன்னு இப்பத்தான சொன்னிய."

"அது ஜெபத்துல சொல்லுறது."

"அப்ப ஆண்டவர்கிட்ட ஒண்ணு, எங்கிட்ட ஒண்ணா அண்ணாச்சி?"

சத்தம் போடவில்லை, மெதுவாகத்தான் கேட்டேன். பானுப்ரியா கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிவிட்டு, திரும்பக் கழற்றித் துடைத்தார்.

"லேபர் ஆபீசுக்கும் எனக்கு வழி தெரியும்" என்றேன். "மொதல்ல ஒங்ககிட்ட கேக்கணும்னு தோணிச்சு. எனக்காக அழுதவரு நீங்க."

"ஏலே முத்து, அந்த யார்டு ஹெல்மெட்ட அவகிட்ட குடு" என்றார். கொஞ்சம் கழித்து, என்னைப் பார்க்காமலே, "சம்பளமும் பழையதுதான்" என்றார்.

மறுநாள் யார்டு வாசலில் ஹெல்மெட்டை மாட்டினேன். முன்பெல்லாம் கொண்டையில் இடித்துக்கொண்டு நிற்கும். இப்போது குட்டை முடியில் வழுக்கிக் கண்வரை இறங்கியது. பட்டையை இறுக்கிக்கொண்டேன்.

"கொஞ்ச நாளா ஆளையே காணோமே" என்றார் காவலாளி.

"லீவுல இருந்தேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.