வெள்ளையடித்த வீடு

“எங்கம்மா படத்துல மட்டும் கைய வச்சே, பாத்துக்க!” சக்கர நாற்காலியில் இருந்தபடியே கத்தினான் வில்பர்ட்.

ஸ்டூல்மேல் நின்றிருந்த அவன் மனைவி அர்னெட்டா படத்தைக் கழற்றிவிட்டுத்தான் திரும்பினாள். “கத்தாத. உன்னைப் படி இல்லாத வீட்டுல வைக்கணுமா, வேணாமா?”

அதுதான் கேள்வி. வில்பர்ட்டுக்குப் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரிக் கடன் கழுத்தை நெரித்தபோது இருவரும் திவால் கோர்ட்டுக்குப் போனார்கள். மாதாமாதம் தவணை கட்டி ஒரு பங்கை அடைத்தால் மீதி தள்ளுபடி என்று ஏற்பாடு. இப்போது அந்தத் தவணைக்கும் வழியில்லை. வீட்டை விற்கலாம் என்றால் கோர்ட் அனுமதி வேண்டும், அதற்கு முன்னால் வீட்டை மதிப்பிட வேண்டும். முதலில் வந்தவன் கூடத்துச் சுவரில் இருந்த கறுப்பு முகங்களை ஒரு சுற்றுப் பார்த்தான், அடிமாட்டு விலை போட்டுவிட்டுப் போனான். அந்த விலைக்கு விற்றால் வீட்டின்மேல் இருந்த அடமானக் கடன் போகக் கையில் ஒன்றும் நிற்காது. இதே அச்சில் கட்டிய தெருக்கோடி வெள்ளைக்காரர் வீடு என்ன விலைக்குப் போனது என்று தெருவுக்கே தெரியும்.

வக்கீல் இரண்டாவது மதிப்பீட்டுக்கு ஆள் பிடித்தார். எங்கள் மெம்ஃபிஸ் கறுப்பு ஜனம் இந்த மாதிரி நேரத்தில் செய்கிற வேலைக்கு ஒரு பெயர் உண்டு: வீட்டுக்கு வெள்ளையடிப்பது. சுண்ணாம்பு வேண்டாம். சுவரில் இருக்கும் படங்கள், குளியலறையில் இருக்கும் தலை எண்ணெய், ராத்திரி கட்டும் பட்டுத் தொப்பி, சர்ச் விசிறி என்று கறுப்பர் வீடு எனக் காட்டிக்கொடுப்பது எல்லாம் மறைய வேண்டும். அன்றைக்கு அடுப்பில் கீரை வேகக் கூடாது, மீன் பொரியக் கூடாது.

பள்ளிக்கூடச் சமையலறையில் அர்னெட்டாவோடு வேலை செய்யும் வெள்ளைக்காரி ஷெரில், தன் வீட்டுப் படங்களைப் பையில் கொண்டுவந்து அதே ஆணிகளில் மாட்டினாள். அவளுடைய செம்பட்டைத் தலைப் பேரப்பிள்ளைகள் சுவர் முழுக்கச் சிரித்தார்கள்.

“எனக்கே கேவலமா இருக்குடி, அர்னெட்டா.”

“உனக்கென்னடி கேவலம்? சிரிச்ச மூஞ்சியோட கதவத் தொற. மிச்சத்த உன் தோலு பாத்துக்கும்.”

அர்னெட்டா வில்பர்ட்டைக் காரில் ஏற்றிப் போய்ப் பக்கத்துத் தெருவில் நிறுத்திக்கொண்டாள். அம்மா படம் அவன் மடியில் இருந்தது.

“சொந்த வீட்டுக்குப் பயந்து திருடங்க மாதிரி ஒளிஞ்சிருக்கோம்,” என்றாள்.

“திருடங்களா இருந்தா ஏதாச்சும் தேறும்டி.”

அவளுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. பிறகு அழுதாள்.

மதிப்பிட வந்தவர் ஷெரிலையே வீட்டுக்காரி என்று நினைத்து, அவள் தோட்டம் அருமை என்று புகழ்ந்துவிட்டு, முந்தைய மதிப்பைவிட நாற்பதாயிரம் டாலர் கூடுதலாகப் போட்டார். அந்த விலைக்கு வாங்கவும் ஆள் கிடைத்தது. அர்னெட்டா படியில்லாத வாடகை வீடு ஒன்றைப் பார்த்துப் பேசி வைத்தாள்.

கோர்ட்டில், கடன்காரர்களுக்குப் பணம் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பாளர் எழுந்தார். வீட்டுக்கு இவ்வளவு மதிப்பு இருக்கும்போது தள்ளுபடி எதற்கு, மிச்சக் கடனையும் அடைக்கட்டும் என்றார். நீதிபதிக்கு அது நியாயமாகப் பட்டது. நாற்பதாயிரமும் கடன்காரர்களுக்குப் போயிற்று. வீட்டுக்காரர்களுக்கென்று சட்டம் விட்டுவைத்த சொற்பத்தை வக்கீல் கூலி விழுங்கியது. பேசி வைத்த வாடகை வீட்டுக்கு முன்பணம் கொடுக்க ஒன்றுமில்லை. முகத்தை ஒளித்ததுதான் மிச்சம்.

வெளியே வரும்போது பொறுப்பாளர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்: “வீட்ட ரொம்ப நல்லா வச்சிருந்திருக்கீங்க, மேடம். வெலையே சொல்லுதே.”

அர்னெட்டா நின்றாள். அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“அது எங்க வீட்டு வெலை இல்லீங்க, சார். எங்க வீட்டுக்கு மொதல்ல வந்தாரே, அவரு போட்டதுதான் வெலை. நீங்க வாங்கிட்டுப் போறது, நாங்க இல்லாத வீட்டோட வெலை.”