ஒரே கதவு எண், பதினோரு பேர்

எங்கள் அலுவலகத்துக்கு ஒரே வேலை. ஊரில் யாருக்குப் புற்றுநோய் வந்தாலும், எந்த ஆஸ்பத்திரியில் பார்த்தாலும், அவர் குடியிருக்கும் தெருக் கணக்கில் ஒருமுறை மட்டும் பதிய வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். செய்துபார்த்தால் மண்டை காயும்.

இந்த முறை கணினி மார்பகப் புற்றுநோய் வந்த பதினோரு பெண்களை ஒரே வீட்டில் குடிவைத்திருந்தது. நாலு பாஷை, மூன்று மதம், ஒரே கதவு எண். இத்தனை ஒற்றுமையை நான் கல்யாண வீட்டில்கூடப் பார்த்ததில்லை.

"தண்ணியில ஏதோ இருக்கு" என்றார் அதிகாரி. மார்பகப் பரிசோதனை வண்டி எங்கள் பக்கம் வருடத்துக்கு ஒரு நாள்தான் வரும். எண்ணிக்கை அதிகமுள்ள தெருவுக்குப் போகும். பதிவு தப்பென்றால், நிஜமாகத் தேவைப்படும் பெண்கள் இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும். பட்டியலை நாளை முடித்துக் கொடுக்க வேண்டும்.

போய்ப் பார்த்தால் அது தையல் கடை. கூடம் முழுக்கத் துணி, நடுவில் மிஷின், அதன் பின்னால் டைலரக்கா.

"உங்க வீட்ல மொத்தம் எத்தனை பேரு அக்கா?"

"நானும் மிஷினும். அதுக்குத்தான் அடிக்கடி உடம்புக்கு முடியாமப் போகுது."

பட்டியலைக் காட்டினேன். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"ஆஸ்பத்திரி லெட்டர் வீட்டுக்குப் போனா மாமியார் பிரிப்பா, நாத்தனார் படிப்பா, சாயங்காலத்துக்குள்ள தெருவே துக்கம் விசாரிக்க வந்துடும். அதான் என் அட்ரஸைக் குடுக்கறாங்க. தைச்ச துணிக்குள்ள வெச்சு அனுப்பிடுவேன். வெளிய சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். வந்த வழியே போ."

எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"நல்ல வாக்கு. அவங்க பக்கத்து வீட்டுக்காரிக்கும் கட்டி இருந்தா யாருக்குத் தெரியும்? நிறையப் பேரு இருக்கற தெருவுக்குத்தான் பரிசோதனை வண்டி வரும். பேரு வெளிய போகாதுக்கா. எனக்குத் தெரு தெரிஞ்சாப் போதும்."

டைலரக்கா மிஷினை நிறுத்தினார். பிறகு அளவு நோட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டிச் சொன்னார். பின்சந்தில் ஏழு பேர், பால் டிப்போ தெருவில் மூன்று.

கூட்டினேன். பத்துதான் வந்தது.

"ஒண்ணு குறையுதே. அளவு தப்பிடுச்சாக்கா?" என்று சீண்டினேன்.

"என் அளவு தப்பாது. முதல் லெட்டர் மூணு வருஷம் முன்னாடி நேரா இங்கதான் வந்துச்சு. என் பேருக்கு. விஷயம் பரவி ரெண்டு மாசம் ஒருத்தியும் ஜாக்கெட் தைக்கக் குடுக்கல. அப்புறம் ஒவ்வொருத்தியா வந்தா, உன் வீட்டுக்குத்தான் ஏற்கெனவே வருதே, என்னுதும் வரட்டும்னு."

அந்த ஒரு பெயரை மட்டும் அதே கதவு எண்ணில் விட்டுவைத்தேன்.

"வண்டி பின்சந்துக்குத்தானே வரும்?" என்றார்.

"ஆமாக்கா. ஆனா யாராவது வருவாங்களா?"

"வருவாங்க. வரிசையில முதல்ல நான் நிக்கிறேன். என்னுது ஊருக்கே தெரிஞ்சதுதானே."