தொடையில் ஒன்றுமில்லை

உருகுவே நாட்டின் மொந்தேவிதேயோ துறைமுகப் பக்கத்துச் சின்ன கால்பந்துக் கிளப் ஒன்றுக்குக் குவால்பெர்த்தோ கேப்டன். தடுப்பாட்டத்தில் அவனைத் தாண்ட எவனும் யோசிப்பான். அப்படிப்பட்டவன் அந்தக் குளிர்காலம் முழுக்கப் படுக்கையை விட்டு எழ மாட்டாமல் கிடந்தான். பேருந்தில் காரணமே இல்லாமல் அழுதான். மனைவி நொயெலியாதான் மனநல மருத்துவரிடம் இழுத்துப்போனாள். மருந்தும் பேச்சுமாக மெல்லத் தேறினான்.

அதுவரை கிளப் பத்திரிகைகளுக்குச் சொன்னது, "தொடையில் தசைப்பிடிப்பு." திரும்பி வந்த அன்றும், பத்திரிகையாளர் சந்திப்புக்கு முன்னால், மேலாளர் அசெவெதோ அதையே பிடித்துக்கொண்டார்.

"காலு சரியாயிருச்சுன்னு சொல்லிட்டு எந்திரி. பைத்தியம்னு பேரு வாங்கினா எவன்யா உன்ன எடுப்பான்?"

"என் காலுக்கு என்ன சார் வந்துச்சு? அது பாட்டுக்கு நல்லாத்தான் இருக்கு."

நேராகப் போய் மைக் முன் உட்கார்ந்தான். "எனக்கு மனச்சோர்வு. மருந்து சாப்பிடுறேன். ஞாயித்துக்கிழமை ஆடுறேன்."

உடைமாற்றும் அறையில் கோல்கீப்பர் சிரித்தான். "வாடா பைத்தியம்!"

"இதுக்கு முன்னாடி என்னன்னு கூப்பிடுவ?"

"கழுதைன்னு."

"அப்ப பதவி உயர்வுதான்."

அறையே சிரித்தது. அவனுக்கும் நெஞ்சு லேசானது.

ஞாயிறன்று எதிரணி ரசிகர்கள், "லோக்கோ! பைத்தியம்! மாத்திர போட்டியா?" என்று கத்தினார்கள். குவால்பெர்த்தோ, போட்டுவிட்டேன் என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு ஓடினான்.

பிற்பாதியில் ஒரு கார்னர். எதிரணியின் முரட்டு முன்வரிசைக்காரன் இரிகோயென் அவன் சட்டையைப் பற்றி, விலாவில் முழங்கையால் இடித்தான். பிறகு உதடு அசையாமல் கேட்டான்:

"டேய், உன் டாக்டர் எப்படி?"

"கிண்டலா?"

"இல்லடா. எனக்குத் தூக்கமே வர்றதில்ல. வீட்டுல யாருக்கும் தெரியாது."

பந்து வந்தது. குவால்பெர்த்தோ எம்பித் தலையால் வெளியே தள்ளினான். கீழே விழுந்துகிடந்த இரிகோயெனுக்குக் கை கொடுத்துத் தூக்கினான்.

"நல்ல பொம்பள. பொறுமையா கேப்பாங்க. மேட்ச் முடிஞ்சதும் வா, நம்பர் தர்றேன். இப்ப சட்டைய விடு."

குவால்பெர்த்தோவின் அணி ஒரு கோலில் ஜெயித்தது. இரிகோயென் எல்லோர் கண்ணெதிரிலும் அவர்கள் உடைமாற்றும் அறை வாசலில் வந்து நின்றான்.

"என்ன, சண்டைக்கா?" என்றான் கோல்கீப்பர்.

"இல்ல. டாக்டர் நம்பர் வாங்க."

இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை; வழிவிட்டார்கள். அந்த வாரமே அவன் போய் மருத்துவரைப் பார்த்தான். லீக்கின் அடுத்த சுற்றில் இரண்டு அணிகளும் மோதியபோது இருவரும் மறுபடி முட்டிக்கொண்டார்கள். இருவருக்கும் மஞ்சள் அட்டை.