வேலையில் இருப்பவர்களின் பற்கள்

"வாயை நல்லாத் திறங்க சார். வலிக்காது."

"வலிச்சாலும் சொல்லமாட்டேன் டாக்டர். மானேஜர் வெளியில நிக்கறார்."

பேட்டரித் தொழிற்சாலையின் முதலுதவி அறை அது. ஜன்னலோரம் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் சார்ஜிங் ரூம் ஆள் ஒருவர் அண்ணாந்து உட்கார்ந்திருந்தார். பல் மருத்துவ மாணவி சின்னக் கண்ணாடியை உதட்டுக்குள் விட்டு முன்பற்களைப் பார்த்தாள். விளிம்புகள் முழுசாக இருந்தன.

"தேய்மானம் பூஜ்யம்," என்றாள். "பூஜ்யம். பூஜ்யம். ஒண்ணு. பூஜ்யம்."

பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த வகுப்புத் தோழி சோடாபுட்டி கொட்டாவி விட்டாள். "எலி, காலையிலேர்ந்து பூஜ்யமாப் போட்டுக் கை வலிக்குது. போன வருஷம் நீ வாங்கின மார்க் மாதிரியே இருக்கு."

எலி என்று கூப்பிடப்பட்டவள் சிரிக்கவில்லை. பல் மருத்துவப் படிப்பில் பல் பிடுங்குவதோ அடைப்பதோ அவளுக்குக் கஷ்டமாக இல்லை. புள்ளியியலும் நோய்ப்பரவலியலும் சேர்ந்த அந்த ஒரு தாள்தான் காலை வாரிவிட்டது. இந்த ஆய்வை முடித்துக் கொடுத்தால்தான் மறுதேர்வில் உட்கார விடுவார்கள்.

ஆய்வின் கேள்வி எளிது. சார்ஜிங் ரூமில் பேட்டரிகளிலிருந்து கிளம்பும் அமிலப் புகையில் வேலை செய்கிறவர்களின் பற்கள் தேய்கின்றனவா? அவளுடைய அப்பா இதே சார்ஜிங் ரூமில்தான் இருந்தார். முன்பற்கள் ஈறுவரை கரைந்த பிறகு வேலையை விட்டார். அவரைப் போல விட்டவர்கள் சேர்ந்து போய்க் கம்பெனியிடம் பல் கட்டித் தரச் சொல்லிக் கேட்டார்கள். "காலேஜ்லேர்ந்து வந்து பாத்துச் சொல்லட்டும். தேயுதுன்னு சொன்னா எல்லாருக்கும் கட்டித் தரோம்," என்றார் மானேஜர். கல்லூரி அந்த ஆய்வை எலியின் தலையில் கட்டியது. தான் யார் மகள் என்று அவள் தொழிற்சாலையில் வாய் திறக்கவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க, அமிலப் புகை இல்லாத பக்கத்துத் துணி மில்லிலும் அதே அளவு ஆட்களின் வாயைப் பார்த்தாள். பிறகு கணினியில் எண்களைப் போட்டாள். ஒன்றுக்கு இரண்டு தரம் போட்டாள்.

"என்ன டாக்டரம்மா, கணக்கு வந்துடுச்சா?"

வீட்டில் அப்பா, பாலில் ஊறிய ரொட்டியைக் கரண்டியால் எடுத்துக் கடைவாய்ப் பக்கமாகத் தள்ளிக்கொண்டே கேட்டார்.

"வந்துடுச்சுப்பா. ரெண்டு இடத்துலயும் ஒரே மாதிரிதான் இருக்கு."

"அப்படின்னா?"

"புகையால பல்லு தேயறதாச் சொல்ல முடியாது."

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "ஏண்டி, எதிர்ல உக்காந்திருக்கற மனுஷன் வாயைப் பாத்துக்கிட்டேவா சொல்ற?"

"விடு, புள்ள கணக்கைச் சொல்லுது." அப்பா வாயைத் துடைத்துக்கொண்டார். "ரேடியோவைப் பாத்தியா? என்கூட வேலை பாத்தவன், ஓயாமப் பேசுவானே."

"இல்லப்பா."

"நெட்டையன்?"

"அப்படி யாரும் வரல."

"பீப்பா? அவனைப் பாக்காம இருக்க முடியாதே, கதவை அடைச்சுக்கிட்டு நிப்பான்."

"இல்லப்பா. எல்லாரும் சின்ன வயசு."

சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. பல் கூச ஆரம்பித்தவனால் அந்தப் புகையில் நின்று மூச்சை உள்ளே இழுக்க முடியாது. விட்டுவிட்டுப் போவான். அவன் இடத்துக்கு முழுப்பல்லோடு ஒருவன் வருவான். அவள் போய் எண்ணியது அந்த முழுப்பற்களை. தேய்ந்தவை எல்லாம் வீடுகளில் இருந்தன. ஒன்று இதோ எதிரில் ரொட்டி தின்றுகொண்டிருந்தது.

பயமோ வெட்கமோ வரும் என்று காத்திருந்தாள். மரத்துப்போக ஊசி போட்ட உதட்டைத் தொட்டால் வேறு யாருடையதையோ தொடுவது போல இருக்குமே, அப்படி இருந்தது. தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள்.

மறுநாள் துறை மேடம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"மேடம், பல்லு போனவங்க வேலையை விட்டுடறாங்க. மிச்சம் இருக்கறவங்களைத்தான் நான் எண்ணியிருக்கேன்."

"அட, தேறிட்டியே! அதுக்குப் பேர் என்ன?"

"ஹெல்தி வொர்க்கர் எஃபெக்ட். உடம்பு நல்லா இருக்கறவங்கதான் வேலையில மிஞ்சுவாங்க."

"வைவாவுல கேப்பாங்க. இதே மாதிரி பளிச்சுன்னு சொல்லு."

"விட்டுப் போனவங்களையும் தேடிப் பாத்துச் சேத்துக்கலாமா மேடம்?"

அப்போதுதான் பேனா நின்றது. "சேத்துக்கலாம். முதல்லேர்ந்து அனுமதி வாங்கணும், வீடு வீடா அலையணும். இந்தப் பரீட்சை போயிடும். உங்க வீட்டுல இன்னொரு ஆறு மாசம் தாங்குவாங்களா?"

அவள் நோட்டை மூடினாள்.

"ஆய்வோட குறைபாடுகள்னு கடைசியில, விட்டுப் போனவங்களைப் பாக்கலன்னு ஒரு வரி எழுதிடு. படிக்கறவன் படிச்சுக்குவான்."

எழுதினாள். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் வெளியூர்த் தேர்வாளர் அதே கேள்வியைக் கேட்டார். தடுமாறாமல் சொன்னாள். அவருக்கு ஏக சந்தோஷம். "எக்ஸாம்பிள் ஒண்ணு குடும்மா," என்றார். "பேட்டரி ஃபேக்டரி சார்," என்றாள்.

தேர்வு முடிவோடு வீட்டுக்கு வந்தபோது அப்பா வாசற்கதவுக்குக் கீல் மாட்டிக்கொண்டிருந்தார்.

"பாஸா?"

"பாஸ்."

"எனக்குத் தெரியும்." திருப்புளியைக் கீழே வைத்தார். "மானேஜர் போன் பண்ணான். ஆய்வு வந்துடுச்சாம். யாருக்கும் பல்லு தேயலையாம். கட்டித் தர முடியாதுன்னுட்டான்."

"கடைசியில ஒரு வரி எழுதியிருந்தேனே. அதைப் படிச்சாராமா?"

"கடைசி வரைக்கும் எவன் படிப்பான்? ஆனா உன்னை ஒசத்தியாச் சொன்னான். 'யாரோ ஒரு பொண்ணு, என்னா பொறுப்பு, ஒரு வாய் விடாமப் பாத்துச்சு'ன்னான். எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. எம் பொண்ணுதான்யான்னு சொல்ல வந்தேன். பல்லு இல்லாமப் பேசினா காத்துதான் வருது. வச்சுட்டேன்."

அடுப்படியில் அம்மாவின் பாத்திரச் சத்தம் நின்றது.

அழுகை வருகிறதா என்று எலி ஒரு கணம் பார்த்தாள். வரவில்லை. தோள்பையைத் திறந்து, பல் பார்க்கும் சின்னக் கண்ணாடி உள்ளே இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது.

"ரேடியோ மாமா வீடு எங்கப்பா?"

"எதுக்கு?"

"வாயைப் பாக்கணும்."

"பரீட்சைதான் முடிஞ்சுடுச்சே. இதுக்கு யாரு மார்க் போடுவா?"

"யாரும் போடமாட்டாங்க."

அப்பா திருப்புளியைப் பெட்டியில் போட்டார். பிறகு சட்டையை எடுத்து மாட்டினார். "தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி, பச்சைக் கதவு. உனக்குத் தெரியாது, நானும் வரேன்." செருப்பில் காலை நுழைத்தபடி சொன்னார்: "இப்பல்லாம் அவன் வாயே திறக்கறதில்ல. நீ கேட்டாத் திறப்பான்."